சேமித்த பிறகு மூன்று விநாடி

முத்துமீனா பார்த்துச் சொல்லிவிட்டாள் என்றால் அந்தக் கம்பெனியில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. பதிமூன்று வருடமாக அப்படித்தான். மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேரை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானாக அமுக்கி, எங்கே இடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு துருவ மாட்டார்கள். அவள் கண்ணுக்குத் தப்பி வெளியே போன பிழை என்று ஒன்றிரண்டுதான் உண்டு. அதையும் அவளேதான் சொல்லிக்கொண்டிருப்பாள், மற்றவர்களுக்கு ஞாபகம் இருக்காது.

ஆகவே, அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் கையெழுத்தோடு ஒரு கடிதம் போனபோது யாரும் அதைப் பற்றி இரண்டாம் தடவை யோசிக்கவில்லை. மேலூர் ரோட்டில் ஐம்பது கட்டில் போட்ட ஒரு ஆஸ்பத்திரி. அங்கே நோயாளிகளுக்கு டோக்கன் கொடுப்பது இவர்களுடைய சாஃப்ட்வேர். பெயர், வயது, எந்த டாக்டர் என்று அடித்து, 'சேமி' என்ற பொத்தானை அமுக்கினால் சீட்டு வெளியே வரும். அதே பெயர் டாக்டர் மேசையில் இருக்கிற திரையிலும் போய் ஏறும். 'அடுத்தவர்' என்ற பொத்தானை அமுக்கினால் அடுத்த ஆளுக்குக் காலித் திரை வரும். இதில் ஒரு மாதமாக ஒரு விபரீதம் நடந்துகொண்டிருந்தது. காலை நெரிசலில் பதிந்த சிலர் கையில் சீட்டு இருக்கிறது, டாக்டர் திரையில் பெயர் இல்லை. கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு சர்க்கரைக்கார அம்மா மயங்கி விழுந்த பிறகுதான் விஷயம் பெரிதானது.

விசாரித்தார்கள். காணாமல் போன பெயர்கள் அத்தனையும் ஒரு மாதத்துக்கு முன்னால் புதிதாகச் சேர்ந்த அஸ்வினி என்ற பெண் உட்காரும் கவுண்டரில் பதிந்தவை. பக்கத்துக் கவுண்டரில் ஒரு பெயர்கூடத் தொலையவில்லை. தெரிந்தவர்களை முன்னால் அனுப்புவதற்காக நடுவில் இருக்கிற பெயர்களை அஸ்வினி அழித்துவிடுகிறாள் என்று பேச்சு கிளம்பியது. கோளாறு சாஃப்ட்வேரில் என்றால் இரண்டு கவுண்டரிலும்தானே வர வேண்டும் என்று ஆஸ்பத்திரி மேனேஜர் கேட்டார். நியாயமான கேள்வி. 'நாற்பது முறை சோதித்துப் பார்த்தோம், பதிவில் எந்தக் குறையும் இல்லை' என்று முத்துமீனா எழுதிக் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடி, அஸ்வினியை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்வதாக இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் அந்தப் பெண்ணே ஆபீசுக்கு வந்து நின்றாள். இருபத்து மூன்று வயது இருக்கும். ஆனையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். ரிங் ரோட்டுக் கட்டடத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றிருக்கிறாள்.

"அக்கா, நான் ஒருத்தர் பேரக்கூட அழிக்கலக்கா. நீங்க இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்க."

முத்துமீனாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். மேசை ஓரத்தில் எப்போதும் இருக்கிற டப்பாவைத் திறந்து, "கடலை எடுத்துக்கம்மா" என்றாள். அஸ்வினி எடுக்கவில்லை. முத்துமீனா அவள் கண் முன்னாலேயே பத்து நோயாளிகளைப் பதிந்து காட்டினாள். பத்துப் பெயரும் பிசகில்லாமல் டாக்டர் திரையில் ஏறின.

"நான் அடிச்சுக் காட்டவாக்கா?"

"வேணாம்மா. நீ அடிச்சா என்ன, நான் அடிச்சா என்ன? மெஷினுக்கு ஆளாத் தெரியும்?"

அந்தப் பெண் கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரிக்கா, வாரேன்" என்று எழுந்து போய்விட்டாள். முத்துமீனா அந்த நாற்காலியை அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள்.

அவளுக்கு அப்போது தலைக்கு மேல் வேறு வேலை இருந்தது. சாஃப்ட்வேரின் கோடிங்கில் யார் ஒரு வரி மாற்றினாலும், எங்கோ இருக்கிற ஒரு சர்வர் அதை உடனே இழுத்து, மொத்த சாஃப்ட்வேரையும் புதிதாகக் கட்டிப் பார்க்கும். அதற்கு பில்ட் என்று பெயர். சரியாக வந்தால் சுவரில் மாட்டியிருக்கிற டிவியில் பச்சை, வராவிட்டால் சிவப்பு. இதுவரை அந்த பில்டில் உள்ளே ஓடுகிற கோடிங்கை மட்டும்தான் மெஷின் சோதித்தது. மனுஷர் கண்ணும் விரலும் படுகிற திரையை முத்துமீனாதான் பார்த்தாள். இனி அதையும் பில்டிலேயே சேர்த்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. அதாவது, ஆள் இல்லாமலே ஒரு பிரௌசர் தானாகத் திறக்கும், தானாகப் பெயர் அடிக்கும், தானாகப் பொத்தானை அமுக்கும், பெயர் ஏறியதா என்று தானாகப் பார்க்கும். இப்படி ஒரு நாளைக்கு முப்பது தடவை.

வேலை போய்விடுமோ என்று அவள் பயந்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரௌசருக்கு இன்னின்ன செய் என்று சொல்கிற அந்த ஸ்கிரிப்டுகளை எழுதும் வேலையையே அவளிடம்தான் கொடுத்திருந்தார்கள். அவளுடைய நீள நோட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள் இருந்தன. பதிமூன்று வருடத்துச் சரக்கு. ஒவ்வொன்றாக எடுத்து ஸ்கிரிப்டாக மாற்றினாள். முதல் தடவை பிரௌசர் தானே திறந்து, கண்ணுக்குத் தெரியாத விரலால் யாரோ அடிப்பதைப் போலத் திரையில் எழுத்து ஓடியபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த பில்டையெல்லாம் ஏற்பாடு செய்த விஜய்ஆனந்த் என்ற இளம் எஞ்சினியர், "அக்கா, குழந்தை நடக்கிறதப் பாக்கிற மாதிரில்ல பாக்குறீக" என்று கேலி செய்தான்.

இருநூற்றுப் பதினொன்று பச்சை. ஒன்று மட்டும் திங்கட்கிழமையிலிருந்து சிவப்பு. நோட்டின் முதல் பக்கத்தில் முதல் வரியில் இருக்கிற சோதனை அது. நோயாளியைப் பதிந்து, சேமித்து, அடுத்தவருக்குப் போவது. அவள் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம். அதை மெஷின் செய்தால் ஆறில் ஐந்து தடவை தோற்றது.

"ஸ்கிரிப்ட் ரொம்ப வெரசாப் போகுதுக்கா. அதான் தடுமாறுது. நடுவுல ஒரு வெயிட் போட்டு விடுங்க, எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க" என்றான் விஜய்ஆனந்த்.

வியாழக்கிழமை காலை அவள் அந்த வரியைச் சேர்த்தாள். சேமித்த பிறகு மூன்று விநாடி நில். பில்ட் ஓடி முடிந்ததும் டிவி முழுக்கப் பச்சை. ஆபீசில் நாலைந்து பேர் கைதட்டினார்கள். விஜய்ஆனந்த் காபியோடு வந்து அவள் திரையை எட்டிப் பார்த்தான்.

"அதென்னக்கா மூணு? ஒண்ணு போட்டுப் பாத்து, ரெண்டு போட்டுப் பாத்து, அப்புறம் மூணுக்கு வந்தீகளா?"

"இல்ல. ஒரு கடலை உரிக்கிற நேரம்."

அவன் விழித்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். ஒரு தடவை ஆரம்பித்தால் அவளால் பாதியில் நிறுத்த முடியாத கதை அது.

கம்பெனி அப்போது திருநகரில் ஒரு வீட்டு மாடியில் இருந்தது. இரண்டு அறை. முதலாளி வெங்கடரமணன், அவர் மனைவி நாகமணி, கோடிங் எழுத ராஜகுரு, சோதித்துப் பார்க்க முத்துமீனா. அவ்வளவுதான் கம்பெனி. கீழ் வீட்டுக் குக்கர் விசிலை வைத்துத்தான் சாப்பாட்டு நேரம். கரண்ட் இரண்டு மணி நேரம் போனால் இரண்டு மணி நேரம் வந்தது, அதுவும் அதன் இஷ்டப்படி. நெட்டுக்கு விரல் நீளத்தில் ஒரு டாங்கிள். திருப்பரங்குன்றம் மலை தெரிகிற ஜன்னலில் மட்டும்தான் அதற்கு உயிர் வரும் என்பதால் ஜன்னல் கம்பியிலேயே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார்கள். மழை வந்தால் முதலில் டாங்கிளைத்தான் காப்பாற்ற வேண்டும், மனுஷர்கள் நனைந்தால் காய்ந்துகொள்ளலாம்.

அந்த நெட்டில் 'சேமி' என்று அமுக்கினால் திரையில் ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பிக்கும். அது நிற்பதற்குள் வேறு எதையாவது தொட்டால் எல்லாம் உறைந்துபோகும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ராஜகுருவுக்குக் கை சும்மா இருக்காது. நாளைக்குப் பத்துத் தடவை எதையாவது தட்டி உறைய வைப்பான். பார்த்துப் பார்த்து அலுத்துப்போன நாகமணி ஒருநாள் வறுத்த கடலையை ஓட்டோடு ஒரு எவர்சில்வர் தட்டில் கொட்டி மேசை நடுவில் வைத்தாள். "சேமிச்சா கைய எடு. ஒரு கடலைய உடை, உரி, தின்னு. அப்புறம் அடுத்ததத் தொடு" என்று சட்டம் போட்டாள். கடலை வாய்க்குள் போகும்போது சக்கரம் நின்றிருக்கும். அத்தனை கச்சிதம்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. புது வெர்ஷன் வெளியே போகிற நாளில் நான்கு பேரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். எத்தனை தடவை சோதித்தோம் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. சாயங்காலம் கடலை ஓடுகளை எண்ணினால் போதும். "இன்னைக்கு எம்புட்டு?" என்று வெங்கடரமணன் கேட்பார். "அறுபத்திரண்டுண்ணே" என்பாள் முத்துமீனா. நோட்டில் 'அறுபத்திரண்டு முறை' என்று ஏறும். கணவனும் மனைவியும் சண்டை போட்டால் அவர்கள் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில்தான் போடுவார்கள். அது புரியாத மற்ற இரண்டு பேரும் மும்முரமாகக் கடலை உடைப்பார்கள். அன்றைக்குச் சோதனைக் கணக்கு கொஞ்சம் கூடுதலாக வந்துவிடும்.

விஜய்ஆனந்திடம் அவள் சொல்லாத ஒன்றும் அந்தக் கதையில் இருந்தது. கொட்டாம்பட்டிப் பக்கம் அவள் அப்பா சங்கிலி அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர். எந்த வீட்டில் எதுவரை போகலாம், எந்த டம்ளரில் தண்ணீர் வரும் என்பதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவள் படித்திருந்த பாடம். ஊரை விட்டு வந்து, கம்ப்யூட்டர் படித்து, ஹாஸ்டலில் இருந்தபோதும் அந்தப் பாடம் கூடவே வந்தது. திருநகர் ஆபீசில் முதல் நாள் அந்தத் தட்டை நடுவில் வைத்தபோது அவள் கை நீளவில்லை. நாகமணி ஒரு கடலையை உடைத்து அவள் உள்ளங்கையில் வைத்து, "சாப்பிடும்மா, நீ தின்னாத்தான் நெட்டு நகரும்" என்றாள். பிறகு நான்கு கைகளும் ஒரே தட்டுக்குள் போயின. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. முத்துமீனா இன்றுவரை அந்த மாடியை நினைத்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் டாங்கிளும் இல்லை, மலையும் இல்லை. அந்தத் தட்டுதான்.

ரிங் ரோட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது நாற்பது பேர். ராஜகுரு கனடா போய்விட்டான், நாகமணி ஆயுதபூஜைக்கு மட்டும் வருகிறாள். 'அண்ணே' என்று கூப்பிட்டது எப்போது 'சார்' ஆனது என்று முத்துமீனாவுக்கே தெரியாது. நெட் இமைக்கிற நேரத்தில் வருகிறது. ஆனாலும் அவள் மேசையில் கடலை டப்பா இருக்கிறது. சேமித்தால் கை தானாகக் கீபோர்டை விட்டு நகர்ந்து டப்பாவுக்குள் போகிறது. போன வாரம் அந்தக் கடிதத்துக்காகச் சோதித்தபோதும் நாற்பது கடலை ஓடுகளை எண்ணித்தான் 'நாற்பது முறை' என்று எழுதினாள்.

விஜய்ஆனந்த் ரசித்துக் கேட்டான். காபியைக் கடைசி மடக்கு குடித்துவிட்டு, கேலியாகத்தான் கேட்டான்:

"நல்லாத்தான்க்கா இருக்கு. ஆஸ்பத்திரிக் கவுண்டர்ல உக்காந்திருக்கவக என்னத்த உரிப்பாக?"

முத்துமீனா சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு வரவில்லை. காலை எட்டு மணிக்கு இருநூறு பேர் முண்டியடிக்கிற கவுண்டர் அவள் கண்ணுக்குள் வந்தது. அங்கே யாரும் மூன்று விநாடி நிற்க மாட்டார்கள். அடித்த கையோடு சேமி, சேமித்த கையோடு அடுத்தவர். மெஷின் எப்படிச் செய்ததோ அப்படி.

அவள் திரும்பி, காலையில் சேர்த்த அந்த வரியை அழித்தாள். மறுபடி ஓட்டினாள். சிவப்பு. மறுபடி ஓட்டினாள். சிவப்பு.

"விஜய், இங்க உக்காரு. நீ வெரசா அடிப்பேல்ல? ஆறு பேரப் பதி. எங்கயும் நிக்காத."

அவன் படபடவென்று அடித்தான். ஆறு சீட்டு வந்தது. டாக்டர் திரையில் இரண்டு பெயர்தான் இருந்தது. அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கோடிங்கைத் திறந்து பார்த்து, கால் மணி நேரத்தில் காரணத்தைச் சொன்னான். 'சேமி' அமுக்கியதும் சீட்டு இங்கேயே அச்சாகிவிடுகிறது. பெயர் மட்டும் சர்வருக்குப் பயணம் போகிறது. அது போய்ச் சேருவதற்குள் 'அடுத்தவர்' அமுக்கினால் பாதி வழியிலேயே பயணம் ரத்தாகிவிடும். யாருக்கும் எந்தத் தகவலும் வராது. பக்கத்துக் கவுண்டர்க்காரருக்கு ஒன்றும் தொலையவில்லை என்றால், அவர் ஒற்றை விரலில் தேடித் தேடி அடிக்கிறவராக இருக்க வேண்டும் என்றான். போன் போட்டுக் கேட்டார்கள். ஒற்றை விரல்தான்.

"டெஸ்ட் தப்பில்லக்கா. திங்கக்கெழமையில இருந்து அது சரியாத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. நாமதான் வாய மூடச் சொல்லிட்டோம்."

முத்துமீனா டப்பாவை மூடி இழுப்பறைக்குள் வைத்தாள். பதிமூன்று வருடமாக அந்தப் பிழை அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. அவள் பதிமூன்று வருடமாக அதற்கு வழிவிட்டு, மரியாதையாக மூன்று விநாடி ஒதுங்கி நின்றிருக்கிறாள். அதைவிட ஒன்று அவளைக் குத்தியது. நான் அடிச்சுக் காட்டவாக்கா என்று அந்தப் பெண் கேட்டாள். அவளிடம் கீபோர்டைத் தள்ளியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். தள்ளவில்லை.

நேராக வெங்கடரமணன் அறைக்குப் போனாள். அவர் முழுவதையும் கேட்டார். தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு முதலாளிக்கு உரிய நிதானம் வந்துவிட்டது.

"திங்கக்கெழமை புது வெர்ஷன் போகுதுல்ல, அதுல சேத்துருவோம். சத்தமில்லாமப் போயிரும்."

"அந்தப் புள்ள சார்?"

"அது ஆஸ்பத்திரி விவகாரம். நம்ம லெட்டர் குடுத்தாச்சு. இப்பப் போயி தப்புன்னு சொன்னா, மிச்சம் இருக்க பதினோரு ஆஸ்பத்திரியும் கேக்கும், உங்க சோதனைய எம்புட்டுக்கு நம்பலாம்னு. லெட்டர் உன் பேர்ல போயிருக்கு முத்துமீனா. அதையும் யோசி."

"யோசிச்சேண்ணே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த அறையில் யாரும் அப்படிக் கூப்பிட்டு வருடக்கணக்காகிறது.

"நாம நாலு பேரு உக்காந்து சந்தோசமாத் தின்னோம். எனக்கு அதவிட நல்ல காலம் வரலண்ணே, இனிமேலும் வராது. ஆனா நாம தின்னதுக்கு அந்தப் புள்ள எதுக்குண்ணே திருட்டுப் பேரு வாங்கணும்? நீங்க வந்தாலும் வராட்டியும் நாளைக்கு நான் போறேன்."

வெங்கடரமணன் போனை எடுத்து வீட்டுக்கு அடித்து, அவர்கள் பாஷையில் பேசினார். கொஞ்ச நேரம் இவர் பேசினார். நிறைய நேரம் அந்தப் பக்கம் நாகமணி பேசினாள். முத்துமீனாவுக்குப் புரிந்தது நடுவில் இரண்டு தடவை வந்த அவள் பெயர் மட்டும்தான். போனை வைத்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பத்து மணிக்குத்தான கூட்டம்? நானும் வாரேன்."

வந்தார். வந்தவர், கமிட்டி அறையில் மேனேஜரையும் இரண்டு டாக்டர்களையும் பார்த்ததும், "நெட்வொர்க்ல ஒரு சின்னத் தடுமாற்றம்…" என்று இழுக்க ஆரம்பித்தார். இத்தனை வருடம் வியாபாரம் செய்த வாய், அதுவாக அந்தப் பக்கம் போகிறது. கதவோரம் அஸ்வினி நின்றிருந்தாள். அவளுக்கு நாற்காலி போட்டிருக்கவில்லை.

"நெட்வொர்க் இல்லைங்க" என்று முத்துமீனா குறுக்கே புகுந்தாள். "சாஃப்ட்வேர்லதான் தப்பு. வேகமா வேலை செய்யிறவங்க கையில மட்டும் பேரு தொலையும். நாங்க எப்பவும் நிதானமாவே அமுக்கிப் பாத்ததால எங்க கண்ணுல படல. நான் எழுதிக் குடுத்த லெட்டர் தப்பு."

மேனேஜர் உடனே நம்பிவிடவில்லை. அஸ்வினியையே கவுண்டரில் உட்கார வைத்தார்கள். அவள் விரல் கீபோர்டில் ஓடிய வேகத்தைப் பார்த்து ஒரு டாக்டர் புருவத்தை உயர்த்தினார். பன்னிரண்டு பெயர் பதிந்தாள். திரையில் மூன்று ஏறியிருந்தது. பன்னிரண்டு சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு மேனேஜர் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"சரிம்மா. திங்கக்கெழமை வழக்கம் போல வந்துரு" என்றார். ஏதோ லீவு கொடுத்திருந்தவர் மாதிரி.

எல்லாரும் கலைந்த பிறகு முத்துமீனா அவளிடம் போய், "நீ அடிச்சுக் காட்டவான்னு கேட்ட. நான் குடுக்கல. என்னைய மன்னிச்சுக்கம்மா" என்றாள். அஸ்வினி தலையை ஆட்டினாள்.

விஜய்ஆனந்த் அன்று மத்தியானமே சரி செய்துவிட்டான். பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சர்வரிடமிருந்து பதில் வரும்வரை 'அடுத்தவர்' பொத்தான் பூட்டியே இருக்கும். மூன்று விநாடி நில் என்ற வரி ஸ்கிரிப்டில் இல்லை. மெஷின் தன் போக்கில் பறந்தது. டிவியில் இருநூற்றுப் பன்னிரண்டும் பச்சை. இந்த முறை முத்துமீனா யாரையும் கைதட்ட விடவில்லை. சனிக்கிழமையும் வந்து, மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். ஆபீசில் ஒரு ஆள் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ரிங் ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எந்த இடத்திலும் நிற்காமல் அந்தப் பிரௌசர் பெயர்களைப் பதிந்துகொண்டே போவதைப் பார்க்கையில் அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஒரேயடியாக அழுகையும் வந்தது. திருநகர் மாடியில் சிரித்துச் சிரித்து உட்கார்ந்திருந்த நான்கு பேர் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது, அதே அளவுக்கு அவர்களைப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். புது வெர்ஷன் ஏற்றியாகிவிட்டது. வரிசை வாசல் தாண்டி வெயிலில் நின்றது. அஸ்வினி கவுண்டரில் இருந்தாள். பழைய வேகத்தில்தான் அடித்தாள். பெயர், வயது, டாக்டர், சேமி. இமைக்கிற நேரத்தில் பொத்தான் திறந்தது. டாக்டர் அறைத் திரையை முத்துமீனா போய்ப் போய்ப் பார்த்தாள். ஒரு பெயர் தவறவில்லை.

ஆனால் வரிசை நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். முத்துமீனா கவுண்டருக்குப் பக்கவாட்டில் போய் நின்று எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு ஆளையும் பதிந்து சீட்டைக் கொடுத்த பிறகு, அஸ்வினி மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நம்பரையும் பெயரையும் நேரத்தையும் பேனாவால் எழுதினாள். எழுதியதை நோயாளியிடம் திருப்பிக் காட்டி, "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாள். நோட்டு புதிது. ஆஸ்பத்திரி கொடுத்ததில்லை, அவளே கடையில் வாங்கியிருக்கிறாள். அதற்குள் ஆறு பக்கம் நிரம்பியிருந்தது.

"இது எதுக்கும்மா?" என்று முத்துமீனா கேட்டாள். "இப்பப் பேரு ஏறாம அடுத்ததுக்குப் போகவே போகாது. ரெண்டு நாளா மூவாயிரம் தடவ ஓட்டிப் பாத்துட்டோம்."

அஸ்வினி பேனாவை நிறுத்தவில்லை.

"அன்னைக்கும் நாப்பது தடவ பாத்துட்டோம்னு எழுதியிருந்தீகள்லக்கா."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் முத்துமீனா ஏதாவது சொல்லியிருப்பாள். மெஷினைப் பற்றிச் சொல்வதற்கு அவளிடம் ஆயிரம் இருந்தது. வரிசைக்கு வழிவிட்டுத் தள்ளி நின்றாள். அடுத்து வந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியவில்லை. அஸ்வினி அந்த அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து மைப் பெட்டியில் ஒற்றி, நோட்டில் பெயருக்கு நேரே வைத்து அழுத்தினாள். தெளிவாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு அடுத்தவர் பெயரைக் கேட்டாள்.